அரை வகையீடு கண்ட அறிஞர்

பள்ளிப் படிப்பை 16ஆம் வயதில் விட்டவர், 24ஆம் வயதுக்குப் பின் எந்த அலுவலகத்திலும் ஊதியம் பெறாதவர், செவிப்புலன் குன்றியவர், மணம் புரியாதவர், மாணவராகக் கல்லூரி வாயிலை மிதித்தறியாதவர். இத்தகைய ஒருவர் உருவாக்கிய சொற்களை மின்பொறியியல் பயில்வோர் ஒவ்வொருவரும் நாள்தோறும் வழங்கி வருகின்றனர். நம் குடியிருப்பில் மின்துறையில் பணியாற்றும் அன்பர்கள் இம்பிடன்ஸ் என்றும் இண்டக்டன்ஸ் என்றும் பேசக் கேட்டிருப்போம். அச்சொற்களை ஆக்கியவர் இங்கிலாந்து நாட்டு ஆலிவர் ஹெவிசைட் என்பதை அவர்களிலும் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. சொற்களை மட்டுமா அவர் தந்தார்? கணிதத்தில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக ஒரு விந்தையாக மட்டும் இருந்து வந்த பின்ன வரிசை நுண்கணிதத்தைக் கம்பியிலும் வெப்பத்திலும் வேலை செய்ய வைத்தவர் அவரே. அதனால் அவர் பெற்ற பெருமை சிறிது. பட்ட அவமதிப்புப் பெரிது.

முதலில் அக்கணிதம் இன்னதென்று பார்த்துவிடுவோம். ஓடும் வண்டி ஒன்று கடந்த தூரத்தை நேரத்தைக் கொண்டு ஒருமுறை வகையிட்டால் வேகம் கிடைக்கும். இரண்டாம் முறை வகையிட்டால் முடுக்கம் கிடைக்கும். ஒருமுறை, இருமுறை, மும்முறை என எண்ணிச் செல்வது பள்ளியிறுதி வகுப்பு மாணவருக்கும் தெரியும். அரை முறை வகையிட்டால் என்ன கிடைக்கும்? கேள்வியே குறும்பு போலத் தோன்றுகிறது. ஆயினும் இதனை முதலில் எழுப்பியவர்கள் குறும்பர்கள் அல்லர். நுண்கணிதத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான லைப்னிட்ஸும் பிரெஞ்சுக் கணிதர் லோபிதாலும் 1695இல் கடிதங்கள் வழியே இதனை விவாதித்தனர். இப்போதைக்கு இது முரண்பாடாகத் தோன்றினாலும் பிற்காலத்தில் பயன் விளையும் என்று லைப்னிட்ஸ் கருதினார். அந்தப் பிற்காலம் வர நெடுநாள் ஆயிற்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் இதற்கு ஒரு வாயிலைத் திறந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என முழு எண்களை வரிசையாகப் பெருக்கி வரும் தொடர்பெருக்கத்தை, முழு எண்களுக்கு இடையிலுள்ள பின்னங்களுக்கும் பொருந்துமாறு அவர் விரித்தார். அவ்வாறு விரிக்கும்போது அரை என்னும் எண்ணின் தொடர்பெருக்கம், வட்டத்துக்கு உரிய பை என்னும் எண்ணின் வர்க்கமூலத்தில் பாதியாக வந்து நிற்கிறது. வட்டம் எங்கே, வகையீடு எங்கே! ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. இதைக் கொண்டு எக்ஸ் என்னும் எளிய சார்பை அரை முறை வகையிட்டால், எக்ஸைப் பையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கிய தொகை வரும். அதனை மீண்டும் அரை முறை வகையிட்டால் ஒன்று என்னும் எண் வரும். எக்ஸை ஒருமுறை முழுதாக வகையிட்டாலும் விடை ஒன்றுதானே? இரண்டு அரைகள் கூடி ஒரு முழுமை ஆகிவிட்டன. இவ்வளவே இதன் உட்பொருள். அதன்பின் நார்வே நாட்டு ஏபல் 1823இலும், பிரான்சின் லியூவில் 1832இலும், ஜெர்மனியின் ரீமான் 1847இலும் இத்துறையை வளர்த்தனர். எனினும் இதனைப் பட்டறைக்குக் கொண்டுவரும் பொறுப்பு வேறொருவருக்காகக் காத்திருந்தது.

ஹெவிசைட் 1850ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் லண்டன் மாநகரின் கேம்டன் டவுன் பகுதியில் பிறந்தார். நான்கு ஆண்மக்களுள் இளையவர். தந்தையார் மரத்தில் சித்திரம் செதுக்கி அச்சுக்கட்டை செய்பவர். வருவாய் சுருங்கிய தொழில். இளமையில் செங்காய்ச்சல் கண்டு ஆலிவரின் செவிகள் பழுதுற்றன. தெருப்பிள்ளைகளோடு கூடி விளையாட இயலாத சிறுவன் தனிமையைத் துணையாகக் கொண்டான். அத்துணை அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை. பள்ளியில் இயற்கை விஞ்ஞானத்தில் பரிசு பெற்றார். யூக்ளிடின் வடிவ கணிதத்திலோ மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றார். படிப்படியாக நிறுவிக் காட்டும் முறையின்மீது அன்றே அவருக்கு வெறுப்பு. பிற்கால வழக்கின் வித்து அங்கேயே விழுந்துவிட்டது எனலாம்.

குடும்பத்தில் ஒரே ஒரு பெரிய மனிதர் இருந்தார். தாயாரின் சகோதரியை மணந்த சார்லஸ் வீட்ஸ்டன், மின்தந்தியை நடைமுறைக்குக் கொண்டுவந்தோருள் முதன்மையானவர். அவர் செல்வாக்கால் பிள்ளைகள் தந்தித் துறையில் நுழைந்தனர். ஆலிவர் 1868இல் டென்மார்க்குக்கும் இங்கிலாந்துக்கும் இடையே கடலடி வடம் நடத்திய நிறுவனத்தில் சேர்ந்து, டென்மார்க்கிலும் பின்னர் நியூகாசிலிலும் பணிபுரிந்தார். வடகடலைக் கடந்த அந்த வடத்தில் ஒரு திசையில் செய்தி விரைவாகவும் எதிர்த்திசையில் மெதுவாகவும் சென்றது. ஊழியர் அனைவரும் கண்ட செய்திதான் அது. ஏன் என்று கணக்கிட்டுக் காரணம் கண்டவர் ஹெவிசைட்.

அக்காலத்துக் கடல் வடங்களின் தொல்லையை இங்கே சிறிது விளக்கவேண்டும். செப்புக் கம்பியைச் சுற்றிக் காப்புப் பொருள், அதனைச் சுற்றி உப்புநீர். இது நீண்ட ஒரு மின்தேக்கியாகவே ஆகிவிடுகிறது. ஒரு முனையில் மின்னழுத்தம் கொடுத்தால் மறுமுனையில் குறி கூர்மையாக வந்து சேர்வதில்லை. மெல்ல எழுந்து, மெல்லத் தேய்கிறது. ஒரு குறி தேயுமுன் அடுத்த குறி வந்து அதனோடு கலந்துவிடும். வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளைய கெல்வின் பிரபு, வடத்தின் நீளம் இருமடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும் என்று 1850களிலேயே கணக்கிட்டுக் காட்டினார். 1858இல் அட்லாண்டிக் மாக்கடலில் இட்ட வடம் சில வாரங்களிலேயே மாண்டுபோனது. எனினும் வடங்கள் பெருகின. 1870-71இல் நம் சென்னைக் கரையிலிருந்தும் பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு வடம் இடப்பட்டது. கடல் கடந்து சென்ற தமிழ் வணிகர்க்கு ஊர்ச் செய்தி நாள்கணக்கில் காத்திராமல் கிட்டத் தொடங்கியது அதன் பின்னரே.

1874இல், 24ஆம் வயதில், ஹெவிசைட் வேலையை விட்டார். பெற்றோர் வீட்டில் ஓர் அறையில் அடைந்துகொண்டு, அதற்கு முன் ஆண்டில் வெளியான மாக்ஸ்வெலின் மின்காந்த நூலைக் கற்கத் தொடங்கினார். அந்நூலைப் புரிந்துகொள்ளப் போதிய கணிதம் அவருக்கு அப்போது தெரியாது. கணிதத்தையும் தாமே கற்றார். ஆண்டுகள் பல சென்றன. முடிவில், மாக்ஸ்வெல் பல சமன்பாடுகளாக விரித்து எழுதியிருந்ததைத் திசையன் முறையில் நான்கே சமன்பாடுகளாக 1880களின் நடுவில் சுருக்கி அமைத்தார். இன்று உலகெங்கும் மாக்ஸ்வெல் சமன்பாடுகள் என்று கற்பிக்கப்படுவன ஹெவிசைட் அமைத்த வடிவில் உள்ளவையே. இந்த ஒன்றே ஒருவருக்கு வாழ்நாள் சாதனையாகப் போதும்.

அவருடைய கணித முறை தனித்தன்மை வாய்ந்தது. வகையிடு என்னும் கட்டளையை ஓர் எழுத்தாக எழுதி, அவ்வெழுத்தைச் சாதாரண எண்ணைப் போலவே கூட்டுவார், பெருக்குவார், வகுப்பார். கடினமான வகையீட்டுச் சமன்பாடு இவ்வாறு எளிய இயற்கணிதமாகிவிடும். விடை வந்தபின் அவ்வெழுத்துக்கு மீண்டும் அதன் பழைய பொருளைக் கொடுப்பார். கடல் வடத்துக்கு இம்முறையைக் கையாண்டபோது ஒரு விசித்திரம் நேர்ந்தது. வடத்தின் முனையில் நுழையும் மின்னோட்டத்துக்கான விடையில் அந்தக் கட்டளை எழுத்தின் வர்க்கமூலம் வந்து நின்றது. இருமுறை செய்தால் ஒருமுறை வகையிட்டதற்குச் சமமாகும் ஒரு செய்கை! லைப்னிட்ஸ் காலத்து அரை வகையீடு, யாரும் அழைக்காமல், கடலடியிலிருந்து எழுந்து வந்துவிட்டது.

பிறர் அவ்விடத்தில், வழி தவறிவிட்டோம் என்று திரும்பியிருப்பர். ஹெவிசைட் திரும்பவில்லை. இதே கணக்குக்கு வேறு நீண்ட வழியில் கண்ட விடை ஏற்கெனவே உண்டு. அதனோடு ஒப்பிட்டு, திடீரென மாறா மின்னழுத்தம் ஒன்றைக் கொடுத்தால் அதன் அரை வகையீடு, பையையும் நேரத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து ஒன்றை அதனால் வகுத்த அளவாகும் என்று முடிவு செய்தார். அறிந்த விடையைக் கொண்டு அறியாத குறிக்குப் பொருள் கண்டார். அதன்பின் அக்குறியை விடை அறியாத புதிய கணக்குகளிலும் துணிந்து பயன்படுத்தினார். அதன்படி வடத்தில் நுழையும் மின்னோட்டம் நான்கு மடங்கு நேரம் சென்றபின் பாதியாகும். ஒன்பது மடங்கு சென்றபின் மூன்றில் ஒன்றாகும். நூறு மடங்கு சென்றபின்னும் பத்தில் ஒரு பங்கு எஞ்சி நிற்கும். அளந்து பார்ப்போர் காணும் அந்த நெடிய வால் இதுதான்.

இதற்கு ஆழ்ந்த ஒரு காரணம் உண்டு. சாதாரண வகையீடு இந்தக் கணத்தில் நிகழும் மாற்றத்தை மட்டும் பார்க்கும். அரை வகையீடோ தொடக்கம் முதல் இன்றுவரை நிகழ்ந்த அனைத்தையும் பார்க்கும். அண்மையில் நிகழ்ந்ததற்கு மிகுதியாகவும், நெடுநாள் முன் நிகழ்ந்ததற்குக் குறைவாகவும் மதிப்பளிக்கும். கடல் வடம் தனக்கு முன்பு கொடுக்கப்பட்ட மின்னழுத்தங்களை எளிதில் மறப்பதில்லை. நினைவுள்ள பொருளுக்கு நினைவுள்ள கணிதம் பொருந்திற்று.

இதற்கிடையே தொலைபேசி பரவிக்கொண்டிருந்தது. கம்பியில் செல்லும் குரல் சிறிது தூரத்துக்கு அப்பால் குழம்பிப் போவதற்கும் தீர்வை ஹெவிசைட் 1887இல் கண்டார். தடைக்கும் கசிவுக்கும் தேக்கத்துக்கும் இடையே கம்பியின் தூண்டல் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் அமைந்தால், குரல் வலிமை குறையுமேயன்றி உருச் சிதையாது. ஆகவே கம்பியில் தூண்டலை மிகுதியாக்க வேண்டும். அன்றைய பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் மின்பொறியாளர் வில்லியம் பிரீஸ் தூண்டலைப் பகையாகவே கருதியவர். ஆலிவரும் அவர் தமையனார் ஆர்தரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அவருடைய எதிர்ப்பால் வெளிவராது தடைப்பட்டது. ஹெவிசைட் சும்மா இருக்கவில்லை. தம் எழுத்தில் பிரீஸை எள்ளி நகையாடினார். கட்டுரைகளை வெளியிட்டு வந்த பத்திரிகையின் ஆசிரியர் மாறவே அந்த வாயிலும் சில காலம் அடைபட்டது. 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் பியூபின் என்பவர் கம்பிகளில் இடையிடையே தூண்டுசுருள் இடும் முறைக்குக் காப்புரிமை பெற்றுப் பெருஞ்செல்வர் ஆனார். வெளியூரிலுள்ள நம் குடும்பங்கள் ஊருக்கு டிரங்கால் போட்டு, இரைச்சலுக்கிடையே தாயின் குரலை அடையாளம் கண்டு மகிழ்ந்த நாட்களை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். நெடுந்தொலைவுக் குரல் சிதையாமல் சென்றதற்கு அடிப்படை வகுத்தவர் கைக்கு ஒரு காசும் வரவில்லை.

1891இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. உறுப்பினர் எழுதும் கட்டுரையை அச்சங்கத்தின் ஏட்டில் பெரும்பாலும் ஆராயாமலே அச்சிடுவது அந்நாள் வழக்கம். தம் முறையைப் பற்றி மூன்று பகுதிகளாக ஹெவிசைட் எழுதினார். முதலிரண்டு பகுதிகள் 1893இல் வெளிவந்தன. அவற்றைக் கண்ட கணித அறிஞர்கள் கலங்கினர். பின்ன வகையீடு ஒருபுறம். கூட்டிக்கொண்டே போனால் எல்லையற்றுப் பெருகும் தொடர்களை வைத்துச் சரியான விடை காணும் துணிச்சல் மறுபுறம். இது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்ற வரையறை எதனையும் அவர் தரவில்லை. 1894இல் வந்த மூன்றாம் பகுதியை வழக்கத்துக்கு மாறாக ஒரு கணிதரிடம் ஆய்வுக்கு அனுப்பினர். அவர் கூடாது என்றார். கட்டுரை திரும்பி வந்தது.

இவ்வழக்கில் நாம் ஒருபக்கம் சாய்ந்துவிடுதல் தகாது. ஆய்ந்த கணிதர் வீண்பழி சுமத்தவில்லை. ஹெவிசைட் கை வைத்தால் சரியாக வரும் முறை, அனுபவமற்ற மற்றொருவர் கை வைத்தால் பிழையாகலாம். எப்போது பிழையாகும் என்று சொல்லாத முறை முழுமையான கணிதம் ஆகாது. அது உண்மை. ஆனால் கணிதமும் ஒரு சோதனை விஞ்ஞானமே, முதலில் செய்கை, பிறகே இலக்கணம் என்பது ஹெவிசைட்டின் உறுதி. மொழி பிறந்த பின்னர்தானே இலக்கண நூல் பிறந்தது? குறைகளைச் சுட்டித் திருத்தி வெளியிட வழி இருந்தும் கதவை அடைத்தது சங்கத்தின் பிழை என்பதே என் எண்ணம். ஹெவிசைட் தளரவில்லை. மறுக்கப்பட்ட முறைகளையும் விளக்கங்களையும் 1899இல் வெளியான தம் மின்காந்தக் கொள்கை நூலின் இரண்டாம் தொகுதியில் தாராளமாக எழுதினார்.

அத்தொகுதியில் இடம்பெற்ற ஒரு கணக்கு நம் பூமியின் வயதைப் பற்றியது. உருகிய நிலையிலிருந்து குளிர்ந்து வரும் உருண்டை பூமி என்று கொண்டு, சுரங்கங்களில் ஆழம் செல்லச் செல்ல வெப்பம் ஏறும் அளவைக் கொண்டு, கெல்வின் பிரபு 1862இல் அதன் வயதை 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகளுக்குள் என்று கணித்தார். நிலநூலாரும் டார்வின் வழியினரும் இக்காலம் போதாதென்று தவித்தனர்; ஆனால் கெல்வினை எதிர்க்கத் துணிந்தவர் சிலரே. 1895இல் அவருடைய முன்னாள் உதவியாளரான ஜான் பெர்ரி எதிர்த்தார். பூமியின் உட்பகுதி வெப்பத்தைக் கடத்தும் திறன் மேலோட்டைக் காட்டிலும் மிகுதியானால் வயது பன்மடங்கு கூடும் என்றார். அவருக்குக் கணிதத் துணையாக நின்றவர் ஹெவிசைட். தரையின் வழியே வெளியேறும் வெப்பமும் வடத்தில் நுழையும் மின்னோட்டமும் கணித உருவில் ஒன்றே. இரண்டிலும் அரை வகையீடே ஆட்சி செய்கிறது. பிறர் பக்கம் பக்கமாக எழுதிக் கண்ட விடையை ஹெவிசைட் சில வரிகளில் வருவித்தார். பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என்பது இன்று தெளிந்த முடிவு. அக்காலத்தவர் பெர்ரியின் சொல்லுக்கு உரிய மதிப்பைக் கொடுக்கவில்லை.

இவ்வளவு செய்தவர் எப்படி வாழ்ந்தார்? 1889இல் பெற்றோருடன் தென்மேற்குக் கரையிலுள்ள பெயிண்டனுக்குச் சென்று, தமையனார் சார்லஸின் இசைக்கருவிக் கடைக்கு மேலுள்ள அறைகளில் தங்கினார். வறுமையை அறிந்த ராயல் சொசைட்டி 1894இல் உதவித்தொகை அளிக்க முன்வந்தபோது, அது தருமப் பணம் என்று மறுத்துவிட்டார். 1896இல் பெர்ரியும் பிட்ஸ்ஜெரால்டும் முயன்று, அரசின் ஓய்வூதியமாக ஆண்டுக்கு 120 பவுன் கிடைக்கச் செய்தனர். தருமம் அன்று, தகுதிக்குரிய சிறப்பு என்று எடுத்துச் சொல்லியே அதை ஏற்க வைக்க வேண்டியிருந்தது. நட்பின் நுட்பம் அறிந்தவர்கள்! பெற்றோர் மறைந்தபின் நியூட்டன் அபட்டிலும், 1908க்குப் பின் டார்க்கியிலும் வாழ்ந்தார். அண்டை அயலார் ஏளனம், எரிவாயுக் கம்பெனியோடு ஓயாத கட்டணத் தகராறு, குளிர், நோய் இவற்றிடையே முதுமை கழிந்தது. அவ்வூர்க் காவலர் ஒருவர் உணவுப்பொருள் வாங்கி வந்து தருவார்.

1902இல் பிரிட்டானிக்காக் கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய கட்டுரையில், வானொலி அலைகளைப் பூமியின் வளைவோடு செலுத்தும் மின்கடத்தும் படலம் ஒன்று வானத்தில் இருக்கலாம் என்று போகிற போக்கில் குறித்திருந்தார். அதே ஆண்டில் அமெரிக்காவில் கென்னலியும் அவ்வாறே கருதினார். ஆப்பிள்டன் அதனைச் சோதனையால் கண்டறியத் தொடங்கியது 1924 இறுதியில். ஹெவிசைட் மறைந்தது 1925 பிப்ரவரி 3ஆம் நாள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1922இல், மின்பொறியாளர் கழகம் முதல் பாரடே பதக்கத்தை அவருக்கு வழங்கியது. விழாவுக்கு அவர் வரமாட்டார் என்பதால் கழகத் தலைவரே டார்க்கிக்குச் சென்று வீட்டில் கொடுத்து வந்தார். பெயிண்டன் இடுகாட்டில் பெற்றோர் அருகிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் முறைக்கு இலக்கணம் பின்னால் வந்தது. பிராம்விச் 1916இல் அதற்கு உறுதியான அடிப்படை கொடுத்தார். பின்னர் லாப்லாஸ் உருமாற்றம் என்ற பெயரில் அது பாடப்புத்தகங்களில் ஏறியது. அப்படி ஏறும்போது ஹெவிசைட்டின் பெயர் பெரும்பாலும் உதிர்ந்துபோயிற்று.

பின்ன வகையீடோ புதிய புதிய துறைகளில் முளைத்தது. சப்பாத்திக்குப் பிசைந்த மாவை விரலால் அழுத்திப் பாருங்கள். சிறிது மீண்டெழும், சிறிது அமுங்கியே கிடக்கும். முழுதும் மீள்வது வில்சுருள். அங்கே விசை நீட்சிக்கு விகிதமாகும். முழுதும் வழிவது தேன் போன்ற நீர்மம். அங்கே விசை நீட்சியின் வேகத்துக்கு, அதாவது ஒருமுறை வகையிட்ட அளவுக்கு, விகிதமாகும். மாவு இரண்டுக்கும் இடைப்பட்டது. ஆகவே வகையீட்டின் வரிசையும் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்டது. இதனை இங்கிலாந்தில் ஸ்காட் பிளேர் 1940களில் ஆராய்ந்தார். அதன்பின் ரப்பர், பிளாஸ்டிக், களிமண், உடற்தசை முதலியவற்றின் நடத்தையும் இவ்வழியில் கணிக்கப்பட்டு வருகிறது. இத்துறைக்கென்று முதல் மாநாடு 1974இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் கூடியது. அதே ஆண்டில் ஓல்டாமும் ஸ்பேனியரும் எழுதிய முழுநூலும் வெளிவந்தது. இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கருவிகளிலும் பின்ன வரிசை இன்று புகுந்துள்ளது. மின்கலங்களில் உப்புக் கரைசலினூடே அயனிகள் மெல்லப் பரவும்போது எழும் எதிர்ப்பு, மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண்ணுக்கு வர்க்கமூல எதிர்விகிதத்தில் அமையும் என்று வார்பர்க் 1899இலேயே கண்டார். கைப்பேசிக்கும் மின்சார வண்டிக்கும் மின்கலம் செய்யும் ஆய்வுக்கூடங்களில் இன்று அந்த எதிர்ப்பை அளந்து வரையும்போது, படத்தின் ஓரத்தில் 45 பாகைச் சாய்வில் ஒரு நேர்கோடு எழுகிறது. முழு வகையீட்டுக்கு 90 பாகை. அதில் பாதி 45. வடகடலின் வடத்தில் ஹெவிசைட் கண்ட அரை வகையீடுதான் அந்தக் கோடு.